குளிசையை நிறுத்திவிட்டேன், 7 வாரம்: வில்சன் நோயோடு பிள்ளை பெற்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பூவரசு | 3 மார்ச், இரவு 9.12

வணக்கம். மட்டக்களப்பு, பட்டிப்பளைப் பக்கம், வயது 27. எனக்கு வில்சன் நோய். தெரியாதவர்களுக்காக: சாப்பாட்டில் வருகிற செம்பு மிஞ்சினால் ஈரல் அதைப் பித்தத்தோடு வெளியே தள்ளும். எனக்கு அது நடக்காது, சேர்ந்துகொண்டே போகும். பிறவியிலேயே வந்தது.

என் அண்ணா 12 வயதில் மஞ்சள் காமாலை வந்து போய்விட்டான். கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தோம், மாமாங்கக் கோயிலுக்கு நேர்ந்தோம், கொழும்புக்குக் கொண்டுபோகும்போது நேரம் கடந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்போது 10 வயது. ஒரு நோவும் இல்லை, கண்ணில் செம்பு படிந்த வளையமும் இல்லை. இரத்தத்திலும் சிறுநீரிலும் பிடிபட்டது. அன்றிலிருந்து பெனிசிலமைன் குளிசை. 17 வருடம்.

போன வருடம் கல்யாணம் ஆனது, மாமாவின் மகனைத்தான். இப்போது 7 வாரம். மாதவிலக்கு தள்ளிப்போனதும் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினேன். அங்கே இருந்த டொக்டர் குளிசைப் பெட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு “இது கர்ப்பத்தில் கூடாது, நிறுத்துங்கள்” என்றார். பெட்டிக்குள் இருந்த தாளிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. அம்மா அன்றிரவே குளிசைப் போத்தலை எடுத்து அலுமாரிக்குள் பூட்டிவிட்டா. ஒரு பிள்ளையைக் கொடுத்தவ, அவவோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

நிறுத்தி இன்றைக்கு 9 நாள். உடம்பு சும்மா நன்றாகத்தான் இருக்கிறது. கொழும்பு ஈரல் கிளினிக் திகதி அடுத்த மாதம். அதுவரை பொறுக்கலாமா?

குளிசைக்கடை | 3 மார்ச், இரவு 9.41

தங்கச்சி, பொறுக்க வேண்டாம். நான் கல்முனையில் பாமசி வைத்திருக்கிறேன், டொக்டர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை முதல் வேலையாக உங்கள் கொழும்பு கிளினிக்குக்குப் போன் எடுங்கள். கிடைக்காவிட்டால் கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு நேரே போங்கள். திகதி இல்லையே என்று வாசலில் நிற்க வேண்டாம். “வில்சன், 7 வாரம், மருந்து நிறுத்தி 9 நாள்”, இந்த மூன்றையும் சொன்னால் போதும்.

இன்னொன்று. இதை வாசித்துவிட்டு இன்றிரவே அலுமாரியை உடைத்துப் பழைய அளவை விழுங்கவும் வேண்டாம். பெனிசிலமைனைச் சில நாள் விட்டுத் திரும்பத் தொடங்கும்போது சிலருக்குக் காய்ச்சல், தோல் தடிப்பு என்று ஒவ்வாமை வரும். எந்த அளவில் தொடங்குவது என்பதை டொக்டர் சொல்லட்டும். அளவு முன்பைவிடக் குறைவாகத்தான் வரும், பாருங்கள்.

தாளில் ஏன் அப்படிப் போட்டிருக்கிறது? அது எல்லாருக்குமாக அடித்த தாள். இதே மருந்தை முடக்குவாதத்துக்கும் கொடுத்திருக்கிறார்கள். மூட்டு நோவுக்காரர் 9 மாதம் இதை விட்டால் மூட்டு நோகும், அவ்வளவுதான். அதனால் அவருக்கு “கூடாது” என்பது சரி. உங்களுக்குக் கதை வேறு. கர்ப்ப காலத்தில் பயந்து மருந்தை விட்டு, ஈரல் திடீரென்று செயலிழந்து இறந்த தாய்மார் பற்றி மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. அவர்களும் முதலில் நன்றாகத்தான் இருந்தார்கள். செம்பு ஒரே நாளில் ஏறாது.

கண் மஞ்சளானால், சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரிப் போனால், வயிறு ஊதினால், கை நடுங்கினால், பேச்சுக் குழறினால் கிளினிக் என்று பார்க்காதீர்கள். அவசரப் பிரிவுக்கே போக வேண்டும்.

நேரே_சொல்வேன் | 3 மார்ச், இரவு 10.20

ஒரு டொக்டர் நிறுத்தச் சொன்னதை ஒரு கடைக்காரர் இணையத்தில் வந்து மாற்றிச் சொல்கிறார். இப்படித்தான் நாடு போகிறது. பெனிசிலமைன் எடுத்த தாய்மாருக்குத் தோல் தளர்ந்து தொங்கின பிள்ளைகள் பிறந்ததாக நானே வாசித்திருக்கிறேன். அது பொய்யா? பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நீங்கள் பொறுப்பெடுப்பீர்களா?

குளிசைக்கடை | 3 மார்ச், இரவு 10.58

பொய் இல்லை. அப்படிப் பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், எண்ணிக்கையில் மிகக் குறைவு. தோலையும் தசைநாரையும் இறுக்கிக் கட்டுகிற வேலைக்குச் செம்பு வேண்டும். தாயிடமிருந்து மருந்து செம்பை அளவுக்கு மிஞ்சி உறிஞ்சினால் பிள்ளைக்குத் தட்டுப்பாடு வரும். அதனால்தான் மருந்தை நிறுத்தாமல் அளவைக் குறைக்கிறார்கள். வழமையான அளவில் காற்பங்கு முதல் பாதிவரை குறைப்பது பொதுவான முறை. கடைசி மூன்று மாதம் இன்னும் கவனம், ஏனென்றால் சிசேரியன் வந்தால் வெட்டுக்காயம் ஆற வேண்டும்.

எண்ணிக்கை கேட்பீர்கள். 2018இல் ஐரோப்பாவில் 136 வில்சன் பெண்களின் 282 கர்ப்பங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். உயிரோடு பிறந்த 209 பிள்ளைகளில் 7 பேருக்குத்தான் பிறவிக் குறைபாடு, அதாவது 3 வீதம். கருச்சிதைவு மொத்தத்தில் 26 வீதம். ஆனால் அது நோய் கண்டுபிடிக்கப்படாமல் மருந்தே எடுக்காத பெண்களிடம்தான் மிகக் கூடுதல். ஈரல் பரிசோதனைகள் மோசமானது 16 கர்ப்பங்களில், எல்லாமே பிரசவத்துக்குப் பிறகு சீராகிவிட்டது.

அந்த டொக்டரையும் நான் குறை சொல்லவில்லை. ஏறக்குறைய 30,000 பேரில் ஒருவருக்கு வருகிற நோய். அவர் வாழ்க்கையில் ஒரு வில்சன் பிள்ளைத்தாய்ச்சியைக் கண்டிருக்க மாட்டார். நானே என் கடைக்கு வருகிற ஒரே ஒரு குடும்பத்தால்தான் இதைப் படித்தேன்.

சம்மாந்துறை ராத்தா | 4 மார்ச், காலை 6.15

அஸ்ஸலாமு அலைக்கும் தங்கச்சி. சுபஹோடு எழும்பி இதை வாசிக்கிறேன். எனக்கும் இதே நோய், இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு இப்போது 8 வயது, ஊரை இரண்டாக்குகிறான்.

என்னுடையது சிங்க் குளிசை. பெனிசிலமைன் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, சிறுநீரில் புரதம் போகத் தொடங்கியதால் மாற்றிவிட்டார்கள். பெனிசிலமைன் உள்ளே இருக்கிற செம்பைக் கவ்விச் சிறுநீரோடு கொண்டுபோகும். சிங்க் குடலிலேயே மறித்துவிடும், செம்பு உள்ளே ஏறாது. கர்ப்பத்திலும் நிறுத்தவில்லை, என் அளவை மாற்றவும் இல்லை.

ஆனால் அந்த முதல் மூன்று மாதம்! சிங்க் வெறும் வயிற்றில் போட வேண்டும், போட்டால் குடல் வாய்க்கு வரும். ஏற்கனவே மசக்கை. ஒரு நாள் மூன்று தடவை போட்டு மூன்று தடவையும் சத்தி. பிறகு கிளினிக்கில் ஒரு வழி சொன்னார்கள்: காலையில் எழும்பியதும் போடாமல், காலைச் சாப்பாட்டுக்கும் பகலுக்கும் நடுவில் ஒரு சின்னத் துண்டு கோழி இறைச்சியோடு போடச் சொன்னார்கள். அது நின்றது. நோன்பு மாதம் வந்தது, மூன்று வேளைக் குளிசையோடு நோன்பு நடக்காது என்று உம்மாவே சொல்லிவிட்டா, விட்ட நோன்பைப் பிறகு பிடித்துக் களாச் செய்தேன்.

அம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள். அவவையும் கூட்டிக்கொண்டு போங்கள். டொக்டர் வாயால் அவ கேட்க வேண்டும், நீங்கள் சொன்னால் ஏறாது. என் உம்மாவுக்கு அப்படித்தான் ஏறியது.

வெள்ளைத்தொப்பி | 4 மார்ச், பகல் 1.30

ஓய்வுபெற்ற தாதி, 31 வருட சேவை, அதில் பாதி பிரசவ அறையில். மேலே சொன்ன மருந்துக் கதைக்குள் நான் போகவில்லை. நீங்கள் எம்ஓஎச் (பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் பதியும்போது நடக்கப்போகிறதைச் சொல்கிறேன், ஏனென்றால் பிழைகள் அங்கேதான் சத்தமில்லாமல் நடக்கும்.

மிட்வைஃப் உங்களுக்கும் எல்லாருக்கும் கொடுப்பது மாதிரி இரும்புச்சத்து, போலிக் அமிலம், விற்றமின் சி, கல்சியம் தருவா. இரும்புக் குளிசை பெனிசிலமைனைக் கட்டிப்போடும். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் இரண்டும் வீண். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். ராத்தா போல சிங்க் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். பெனிசிலமைனே சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டிய மருந்து. அதனால் ஒரு துண்டுக் கடதாசியில் நாளை மணிக்கணக்காகப் பிரித்து எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள். பெனிசிலமைன் உடம்பில் உள்ள விற்றமின் பி6ஐயும் குறைக்கும், அதற்குத் தனியாகக் குளிசை தருகிறார்களா என்று கேளுங்கள்.

வெளியில் வாங்குகிற பிள்ளைத்தாய்ச்சி மல்டிவிற்றமின் பலதில் செம்பு சேர்த்திருக்கும். பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். இதை எந்த மிட்வைஃபும் யோசிக்க மாட்டா, அவவுக்கு அது சத்துக் குளிசை.

இனி முக்கியமானது. ஒவ்வொரு கிளினிக்கிலும் பிரசர் பார்த்துச் சிறுநீரில் புரதம் பார்ப்பார்கள். மற்றத் தாய்மாருக்குப் புரதம் வந்தால் பிரசர் நோய் என்று சந்தேகிப்போம். உங்களுக்குப் பெனிசிலமைனாலும் வரலாம். ஈரல் நொதிகள் ஏறிக் குருதிச் சிறுதட்டு இறங்கினாலும் அப்படித்தான். அது கர்ப்ப நோயா, வில்சன் கிளம்புகிறதா என்று பிரிப்பது பெரிய டொக்டர்களுக்கே தலையிடி. இரவு இரண்டு மணிக்கு உங்களை ஏற்றுகிற சின்ன டொக்டருக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கக் கூடாது. அதனால் கர்ப்பத்துக்கு முன்பு உங்கள் அளவுகள் என்னவாக இருந்தன என்று ஒரு தாளில் எழுதிக் கர்ப்பிணிப் பதிவேட்டின் முதற் பக்கத்தில் குத்தி வையுங்கள். பதிவேட்டின் மேல் சிவப்புப் பேனையால் பெரிதாக “வில்சன்”. வெட்கப்பட வேண்டாம்.

செருலோபிளாஸ்மின் என்பது இரத்தத்தில் செம்பைச் சுமக்கிற புரதம், வில்சனில் பெரும்பாலும் குறைந்திருக்கும். அதன் அளவை வைத்து “இப்போது சரியாகிவிட்டது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரஜன் அதைத் தானாகவே ஏற்றிக் காட்டும்.

தேனாட்டான் | 4 மார்ச், மாலை 5.02

இயற்கையாக வாழ்ந்தால் இதெல்லாம் வராது. இரவில் செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்துக் காலையில் குடித்துப் பாருங்கள், ஈரல் சுத்தமாகும். எங்கள் முன்னோர் முட்டாள்கள் இல்லை.

குளிசைக்கடை | 4 மார்ச், மாலை 5.10

ஐயா, இழையின் தலைப்பையாவது வாசித்துவிட்டு வாருங்கள். செம்பு சேர்ந்து சாகிற நோய்க்குச் செம்புத் தண்ணீரா?

பூவரசு, வீட்டில் செம்புக் குடம், ஈயம் பூசாத பித்தளைச் சட்டி இருந்தால் உங்கள் சமையலுக்கும் குடிதண்ணீருக்கும் வேண்டாம்.

பூவரசு | 6 மார்ச், இரவு 8.40

எல்லாருக்கும் நன்றி. நேற்றுப் போய் வந்தேன். ராத்தா சொன்ன மாதிரி அம்மாவையும் கூட்டிக்கொண்டு. மண்முனைப் பாலத்தால் பஸ்ஸில் போகும்போது அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

அங்கே இருந்த பெரிய டொக்டர் கொழும்புக்குப் போன் எடுத்துக் கதைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார். “அம்மா, உங்கள் மகன் எதால் போனான்?” என்று கேட்டார். அம்மா “ஈரலால்” என்றா. “மகளுக்கும் அதே ஈரல்தான். 17 வருடமாக அதைக் காத்தது அந்தக் குளிசை” என்றார். அம்மா அழுதா. திரும்பி வந்ததும் அலுமாரித் திறப்பை என் கையில் தந்தா.

குறைந்த அளவில் தொடங்கியிருக்கிறார்கள், இரண்டு வாரத்தில் திரும்பப் பார்ப்பார்கள். ஈரல் நொதிகள் கொஞ்சம் ஏறியிருக்கிறது, பயப்படும் அளவில் இல்லையாம். ஈரல் தழும்பு இருப்பவர்களுக்குத் தொண்டைக்குக் கீழே நாளங்கள் வீங்கி இருக்கும், பிரசவத்தில் முக்கும்போது வெடிக்கும் ஆபத்து உண்டு, அதனால் கமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். எனக்குப் போன வருடம் பார்த்ததில் இல்லை. அது நிம்மதி.

ஒரு வேடிக்கை. வெளியே மருந்து வாங்கின இடத்தில் இருந்த பையன் “பென்சிலின் தானே அக்கா, அலர்ஜி இருக்கா?” என்று கேட்டான்.

குளிசைக்கடை | 6 மார்ச், இரவு 9.05

அந்தப் பையனை மன்னிக்கலாம், பெயரில் உறவு இருக்கிறது. பென்சிலின் எடுத்த நோயாளிகளின் சிறுநீரில் கண்ட பொருள்தான் பெனிசிலமைன். ஜோன் வோல்ஷ் என்ற ஆங்கிலேய டொக்டர் 1956இல் அதை வில்சன் நோய்க்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு இந்த நோய் வந்தவர்கள் பெரும்பாலும் இளம் வயதிலேயே போய்விட்டார்கள். பிள்ளை பெறுவது பற்றிய கேள்வியே எழவில்லை.

ஆனால் பிழையாக மாற்றித் தந்துவிடாமல் ஒவ்வொரு முறையும் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்துப் பாருங்கள். கையிருப்பும் இரண்டு மாதத்துக்கு வேண்டும். 2022 மருந்துத் தட்டுப்பாட்டில் என்னிடம் வருகிற அந்தக் குடும்பம் ஒரு போத்தலுக்காகக் கண்டிவரை போனது.

பனிநாட்டுப் பொண்ணு | 9 மார்ச், அதிகாலை 3.20

டொரொண்டோவில் இருந்து எழுதுகிறேன், அம்மா அப்பா ஆரையம்பதி. எனக்கு வேறு நோய், பிகேயூ. ஆனால் இழையை வாசித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை.

புரதத்தில் இருக்கிற பினைலலனின் என்ற ஒன்றை என் உடம்பு உடைக்காது. இங்கே பிறந்த இரண்டாம் நாளே குதிக்காலில் குத்திக் கண்டுபிடித்துவிட்டார்கள். இலங்கையில் அப்படிக் குத்தித் தைரொயிட் குறைபாட்டைப் பார்க்கிறார்கள் என்று மாமி சொன்னா. சின்ன வயது முழுக்க மீன், இறைச்சி, முட்டை, பால், பருப்பு ஒன்றும் இல்லை. நாற்றமடிக்கிற ஒரு மாவைக் கரைத்துக் குடித்து வளர்ந்தேன். 20 வயதில் சலித்துப்போய் விட்டுவிட்டேன். பெரிய ஆளுக்கு உடனே ஒன்றும் தெரியாது, கொஞ்சம் மந்தம், கோபம்.

பிள்ளை வேண்டும் என்றபோது டொக்டர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. என் பிள்ளைக்கு அநேகமாக இந்த நோய் வராது. ஆனால் என் இரத்தத்தில் அந்தப் பொருள் ஏறி இருந்தால், நச்சுக்கொடி அதை இன்னும் கூட்டித்தான் பிள்ளைக்கு அனுப்பும். நோயில்லாத பிள்ளை என் இரத்தத்தால் சின்னத் தலையோடும் இதயக் குறையோடும் பிறக்கும். இதயம் 7, 8 வாரத்துக்குள் உருவாகிவிடுவதால் மாதவிலக்குத் தள்ளினபிறகு தொடங்கினால் பிந்திவிடும். அதனால் கருத்தரிக்க முன்பே அளவை லீற்றருக்கு 120 முதல் 360 மைக்ரோமோலுக்குள் கொண்டுவந்து அங்கேயே பிடிக்க வேண்டும். வாரத்துக்கு ஒன்று, இரண்டு தடவை விரலில் குத்தி அட்டையில் இரத்தப் பொட்டு வைத்து அனுப்பினேன். சோற்றைக்கூடத் தராசில் நிறுத்தேன். அம்மம்மா ஊரிலிருந்து வந்து நின்றபோது தராசைப் பார்த்துவிட்டு “பிள்ளைத்தாச்சிக்குச் சோறு நிறுத்துப் போடுற வீட்டை இப்பதான் பாக்கிறன்” என்றா.

மசக்கையில் சாப்பிடாமல் விட்டால் இன்னும் மோசம். உடம்பு தன் தசையையே கரைக்கும், அந்தப் புரதத்தாலும் அளவு ஏறும். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு பிள்ளை வளர வளரக் கூடுதலாகச் சாப்பிட விட்டார்கள், அப்போதுதான் உயிர் வந்தது.

பூவரசு, உங்களுடையதில் ஆபத்து முதலில் தாய்க்கு. என்னுடையதில் முதலில் பிள்ளைக்கு. இரண்டிலும் திட்டம் கல்யாணத்தன்றே தொடங்க வேண்டியது, இல்லையா? எங்கள் ஆட்கள் கல்யாணத்துக்கு முன்பு நோயை மறைப்பார்கள், பிறகு எந்த டொக்டரிடம் போய்த் திட்டம் கேட்பது?

நேரே_சொல்வேன் | 9 மார்ச், காலை 7.45

இதில் நான் ஒத்துப்போகிறேன். அதோடு முதல் நாள் கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். பூவரசு மருந்து தொடங்கினது நல்லது.

ஆனால் ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் சொந்தத்தில் கட்டினாலும் குடி, அதாவது வம்சம், பார்த்துத்தானே கட்டுகிறோம்? ஒரே குடிக்குள் கட்டுவதில்லை. பூவரசின் மாப்பிள்ளை மாமாவின் மகன், வேறு குடி. வேறு இரத்தம்தானே? பிள்ளைக்கு எப்படி வரும்?

கணக்கு வாத்தியார் | 9 மார்ச், இரவு 7.30

களுவாஞ்சிகுடிப் பக்கம், 30 வருடம் கணிதம் படிப்பித்தேன். இந்தக் கேள்விக்குப் பேனை எடுக்காமல் இருக்க முடியாது.

குடி தாய்வழியாகப் போகிறது. தமிழரிலும் முஸ்லிம்களிலும் எங்கள் கிழக்கில் அப்படித்தான். அம்மாவின் சகோதரன், அதாவது மாமா, அம்மாவின் குடி. ஆனால் மாமாவின் பிள்ளைகள் மாமியின் குடி. அதனால் மச்சானும் மச்சாளும் எப்போதும் வேறு குடியாகத்தான் இருப்பார்கள், கட்டலாம் என்றாகிவிடுகிறது. மரபணுவுக்குக் குடி தெரியாது. அது தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி.

வில்சன் வர இரண்டு பழுதான பிரதிகள் வேண்டும். பூவரசிடம் இரண்டும் பழுது. ஒன்று அம்மாவிடமிருந்து வந்தது, ஆகவே அம்மாவிடம் ஒரு பழுது நிச்சயம். அம்மாவுக்கு அது அவவின் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தது, ஆகவே அம்மாவின் சகோதரனிடம் அது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அவர் மகனுக்குப் போயிருக்க நான்கில் ஒன்று. அப்படிப் போயிருந்தால் பிறக்கிற பிள்ளைக்கு அவரிடமிருந்து பழுதான பிரதி வர மறுபடியும் பாதி. பூவரசிடமிருந்து எப்படியும் ஒன்று வரும். மொத்தத்தில் எட்டில் ஒன்று.

சம்பந்தமில்லாத ஒருவரைக் கட்டியிருந்தால்? ஏறக்குறைய 90 பேரில் ஒருவர் ஒற்றைப் பிரதி சுமப்பவர். பாதியாக்கினால் 180இல் ஒன்று.

எட்டில் ஒன்று என்றால் எட்டில் ஏழு தப்பும் என்பதும் கணக்குத்தான் மகள். கவலைப்பட எழுதவில்லை. மாப்பிள்ளைக்கு ஒரு மரபணுப் பரிசோதனை செய்தால் இந்த நான்கில் ஒன்று என்ற ஊகம் ஆம் அல்லது இல்லை என்று முடிந்துவிடும்.

பூவரசு | 10 மார்ச், இரவு 9.00

சேர், இதை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார். “அப்ப மாமியிட்ட இருக்கிறது எங்கட அப்பாவிலயும் இருக்கலாமா?” என்றார். பிறகு வெளியே போய் வெகு நேரம் படகடியில் இருந்தார். பரிசோதனைக்குச் சம்மதம் என்று இன்று காலையில் சொன்னார். என் மரபணு மாற்றம் எது என்பது முதலில் தெரிய வேண்டுமாம், கொழும்புக்குக் கடிதம் தருகிறார்கள்.

சம்மாந்துறை ராத்தா | 2 யூன், இரவு 10.10

இழை அடியில் போய்விட்டது, தூக்கிவிடுகிறேன். தங்கச்சி எப்படி? சாப்பாட்டைப் பற்றி நான் எழுதாமல் விட்டேன். ஈரல், நண்டு, கணவாய், மட்டி, கஜு, கச்சான், எள்ளு, காளான், சொக்லேட்டில் கவனம். ஆனால் சாப்பாட்டைக் கட்டிவிட்டேன், குளிசை வேண்டாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். வாவி மீன் நன்றாகச் சாப்பிடலாம். நண்டு வாசத்துக்குப் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் இருப்பதுதான் கஷ்டம்.

பூவரசு | 4 யூன், இரவு 8.25

20 வாரம் ராத்தா. ஸ்கேனில் எல்லாம் சரி. நொதிகள் இறங்கிவிட்டன. மாதா மாதம் ஈரல் பரிசோதனை, இரத்தம், சிறுநீர். நண்டு விஷயத்தில் மச்சான்தான் பாவம், என் முன்னால் சாப்பிடமாட்டார், மாமி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வருகிறார். கை மணக்கிறது.

வெள்ளைத்தொப்பி | 5 யூன், பகல் 12.00

சந்தோஷம். பிறவி வளர்சிதை நோய்களைப் பற்றி இவ்வளவு பேசின இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன், பூவரசுக்கானது இல்லை.

பிள்ளை பெற்று மூன்றாம் நாள், நாலாம் நாள், சில வேளை இரண்டாம் வாரம், தாய் திடீரென்று பிதற்றுவாள், ஆட்களைத் தெரியாது, தூங்கிக்கொண்டே இருப்பாள். ஊரில் சன்னி என்பார்கள், பேய் என்பார்கள், மந்திரிக்கக் கொண்டுபோவார்கள். பெரும்பாலும் அது மனநோய் அல்லது கிருமித் தொற்று. ஆனால் அபூர்வமாக யூரியாச் சுழற்சிக் குறைபாடு என்ற பிறவி நோய் அதுவரை ஒளிந்திருந்து அப்போதுதான் வெளியே வரும். சுருங்குகிற கருப்பையின் புரதம் உடைந்து அமோனியா ஏறி மூளையைத் தாக்கும். இரத்தத்தில் அமோனியா பார்த்தால் தெரிந்துவிடும், பார்க்க வேண்டும் என்று தோன்ற வேண்டுமே. குடும்பத்தில் பிறந்த சில நாளில் காரணம் தெரியாமல் ஆண் பிள்ளைகள் இறந்திருந்தால், சின்ன வயதிலிருந்தே இறைச்சி மீனை வெறுக்கிற பெண்ணாக இருந்தால், டொக்டரிடம் அதைச் சொல்லுங்கள். என் சேவையில் ஒரு தாயைப் பற்றி இன்றும் நினைப்பதுண்டு. அன்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

பூவரசு | 11 நவம்பர், இரவு 11.35

பெண் பிள்ளை. 38 வாரம், சாதாரணப் பிரசவம், 2.7 கிலோ. பிறந்து ஐந்து வாரமாகிவிட்டது, இப்போதுதான் ஒரு கை ஓய்ந்தது.

பத்தியம் பெரிய போர். சரக்கரைத்த கறி, பால்சுறாப் புட்டு, முருங்கையிலை, உள்ளி எல்லாம் தாராளமாக வந்தது. பெரியம்மா மட்டும் ஈரல் பொரித்துக் கொண்டுவந்தா, “இரத்தம் ஊறும்” என்று. அம்மா வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டா! மார்ச்சில் அலுமாரியைப் பூட்டின அதே அம்மா. நல்லெண்ணெயையும் சேர்த்து நிறுத்தப் பார்த்தா, எண்ணெயில் செம்பு இல்லை, எள்ளுருண்டைதான் கூடாது என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பினார்கள்.

தாய்ப்பால் பற்றி ராத்தாவிடம் தனியாகக் கேட்டிருந்தேன், இங்கேயும் எழுதுகிறேன். பெனிசிலமைன் எடுக்கும்போது பால் கொடுக்க வேண்டாம் என்பதுதான் பல காலமாகச் சொல்லிவந்தது. கொடுத்துப் பிள்ளைகள் நன்றாக இருந்த பதிவுகளும் உண்டு. டொக்டர் இரண்டையும் சொல்லிவிட்டுப் பிள்ளை டொக்டரோடு இருந்து முடிவெடுக்கச் சொன்னார். நான் கொடுக்கிறேன், பிள்ளையை ஒழுங்காகப் பார்த்து வருகிறார்கள். இன்னொருவர் இதை வாசித்துவிட்டு அப்படியே செய்ய வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள்.

மச்சானின் முடிவு இன்னும் வரவில்லை. பிள்ளைக்கு இப்போதே இரத்தத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாதாம், பச்சைப் பிள்ளைக்குச் செருலோபிளாஸ்மின் இயல்பாகவே குறைவு. ஒரு வயது தாண்டட்டும் என்கிறார்கள். மச்சானிடம் அந்த மாற்றம் இல்லை என்று வந்தால் அதுவும் தேவையில்லை.

குளிசைக்கடை | 12 நவம்பர், காலை 8.10

வாழ்த்துகள் தங்கச்சி! அளவைப் பழையபடி கூட்டிவிட்டார்களா? பிள்ளை பிறந்த பிறகு தாய்மார் தங்கள் குளிசையைத்தான் முதலில் மறக்கிறார்கள். செம்பு பார்க்கிற 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனை எப்போது?

பூவரசு | 12 நவம்பர், பகல் 2.45

கூட்டிவிட்டார்கள். அதிகாலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன், பிள்ளை நாலரைக்கே எழுப்பிவிடுகிறாள். சிறுநீர் நாளைக்குத்தான். பெரிய போத்தலைக் கண்டதும் அம்மா “இதை எங்க வைக்கப் போறாய்?” என்று கேட்கிறா. போன முறை பிரிட்ஜில் வைத்து, மச்சான் தோடம்பழச் சாறு என்று எடுக்கப் போய்விட்டார்.